பையில் உள்ள பணமும் வீதியில் உள்ள பணமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாச்சாரத்தில் வசிக்கும் என் மைத்துனர் குடும்பத்தோடு உப்பலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ். படிக்க அவர் மகனுக்குக் கிடைத்த அனுமதிக் கடிதம். மற்றொன்று, ஜப்பானிய நிறுவனம் ஒன்று கொடுத்த வேலை உத்தரவு. முதலாவதற்கு ஏறக்குறைய 50 லட்ச ரூபாய் கடன் வாங்க வேண்டும், நாச்சாரம் வீட்டை ஈடு வைக்க வேண்டும். இரண்டாவதற்குச் செலவு இல்லை. ஆறு மாதம் ஜப்பானிய மொழி படிக்க வேண்டும், சம்பளம் வருடத்துக்கு 45 லட்சம் யென். நம் பணத்தில் சுமார் 26 லட்சம்.

"அத்தான், உங்க பையன் அங்கே இருக்கான், பொண்ணு இங்கே இருக்கா. ரெண்டு நாட்டையும் போய்ப் பார்த்த ஆள் நம்ம குடும்பத்திலே நீங்க ஒருத்தர்தான். நீங்களே சொல்லுங்க" என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையன் போன பிறகு யோசித்தேன். இதே கேள்வி நம் சங்கத்தில் உள்ள எத்தனையோ வீடுகளில் எழுகிறது. சில்க்கூர் பாலாஜி கோவிலில் விசாவுக்காகப் பிரதட்சிணம் செய்கிற கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு. ஆகவே என் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் பொருளாதார நிபுணன் அல்ல. மதுரையில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, 1981-ல் தென்மத்திய ரயில்வேயில் லாலாகூடா ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, 38 வருடம் பெட்டிகளின் சக்கரத்தோடும் ஆக்சிலோடும் காலம் கழித்தவன். கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் வைத்தே பேசுகிறேன்.

சம்பளத்தைப் பெருக்கிப் பார்க்கும் கணக்கு

நம் வீடுகளில் நடக்கும் முதல் காரியம், அந்த நாட்டுச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. அந்தக் கணக்கில் அமெரிக்காவுக்குத்தான் வெற்றி. 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவின் தனிநபர் உற்பத்தி ஏறக்குறைய 82,000 டாலர். ஜப்பானுடையது சுமார் 34,000 டாலர். பாதிகூட இல்லை.

ஆனால் 1995-ல் இதே கணக்கைப் போட்டிருந்தால் டாலர் மதிப்பில் ஜப்பான்தான் அமெரிக்காவை மிஞ்சி நின்றது. டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 வரை ஏறியது. பிறகு விழுந்தது. அதே உயரத்தை மறுபடி எட்ட 2024 பிப்ரவரி வரை, 34 வருடம் ஆயிற்று! 2012-ல் ஒரு டாலருக்கு 80 யென். 2024-ல் 160 யென். என் மகள் அதே யென்னைச் சேமித்தாள், ஆனால் ஊருக்கு அனுப்பும்போது அது டாலர் கணக்கில் பாதியாகி விட்டது. ஆக, சம்பளத்தைப் பெருக்கிப் பார்க்கும் கணக்கு இன்றைய நாணய விலையைச் சொல்லுமே தவிர, நாளைய வாழ்க்கையைச் சொல்லாது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? இரண்டு நாடுகளிலும் சில மாதங்கள் இருந்து பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு நாட்டின் செல்வம் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று மக்களின் பையில், இன்னொன்று வீதியில். அமெரிக்கா பையில் பணம் வைக்கும் நாடு. ஜப்பான் வீதியில் பணம் வைக்கும் நாடு. இரண்டுக்கும் தனித்தனி விலை உண்டு.

டாலஸில் கண்டது

என் மகன் 2012-ல் எம்.எஸ். படிக்கப் போனவன். டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோ என்ற ஊரில் இருக்கிறான். 2022 அக்டோபரில் நானும் என் மனைவியும் போய் இறங்கினோம். நாலு படுக்கையறை வீடு, பின்னால் புல்வெளி, இரண்டு கார். உப்பலில் எங்கள் வீடு முழுவதும் அவன் வரவேற்பறையிலும் சமையலறையிலும் அடங்கி விடும். காய்கறிக் கடைக்குப் போனால் முருங்கைக்காயும் கிடைக்கிறது, கறிவேப்பிலையும் கிடைக்கிறது. எதிர்வீட்டு அமெரிக்கர் வந்த இரண்டாம் நாளே கை குலுக்கி, எங்கள் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தத் தாராள மனம் உண்மையானது.

ஆனால் மூன்றாம் நாள் காலை நடக்கப் புறப்பட்டேன். நடந்தேன், நடந்தேன், வீடுகளைத் தவிர எதுவும் வரவில்லை. ஒரு டீக்கடை இல்லை. என் கண்ணில் பட்ட ஒரே பஸ் பள்ளிக்கூட பஸ்தான். மகனோ மருமகளோ கார் எடுத்தால்தான் நாங்கள் வெளியே போகலாம். 38 வருடம் ரயில்வே பாஸில் நினைத்த இடத்துக்குப் போனவனுக்கு அது ஒரு வகை வீட்டுச் சிறை. என் மனைவி வாய் விட்டே சொன்னாள்: "எல்லாம் இருக்குங்க, கால் மட்டும் இல்லை."

அடுத்த ஜனவரியில்தான் பெரிய பாடம் கிடைத்தது. ஒரு காலையில் மகன் கம்ப்யூட்டரைத் திறந்தான். வேலை போய்விட்டது என்று ஒரு கடிதம். பத்து வருட உழைப்பு, அரைப் பக்கக் கடிதம். நம் ஊரிலும் வேலை போகும். ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால், அல்லது வேறு வகை விசாவுக்கு மாறாவிட்டால், நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். வீட்டுக் கடன் இருக்கிறது, பேரன் பள்ளியில் படிக்கிறான். அது மட்டுமல்ல, வேலையோடு குடும்பத்தின் மருத்துவ இன்ஷூரன்ஸும் போகிறது. நாற்பத்தேழாம் நாள் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. அந்த நாற்பத்தேழு நாளும் அந்தப் பெரிய வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கிரீன் கார்டு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வருடாந்தர ஒதுக்கீட்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஏழு சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்பது அவர்கள் சட்டம். சின்ன நாடானாலும் இந்தியாவானாலும் ஒரே அளவு. அதனால் நம்மவர் வரிசை பல பத்தாண்டு நீளம். இங்கிருந்து குழந்தையாகக் கூட்டிப் போன பிள்ளை 21 வயது ஆகிவிட்டால் பெற்றோரின் வரிசையிலிருந்தே விழுந்து விடும். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பியில் ஆள் எடுக்க நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும் ஒரு ஆணை வந்தது.

பயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பி வந்த சில வாரத்தில், 2023 மே 6-ம் தேதி, மகன் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் ஒரு வணிக வளாகத்தில் ஒருவன் சுட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் நம் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு இளம் பெண்ணும் ஒருவர். துப்பாக்கியால் அமெரிக்காவில் ஒரு வருடத்தில் இறப்போர் நாற்பதாயிரத்துக்கு மேல். ஜப்பானில் அந்த எண்ணிக்கை பெரும்பாலான வருடங்களில் விரல் விட்டு எண்ணக் கூடியது. அதனால்தான் 2022-ல் அவர்களுடைய முன்னாள் பிரதமர் அபே சுடப்பட்டபோது அந்த நாடே உறைந்து போயிற்று.

டோக்கியோவில் கண்டது

2023 கடைசியில் என் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. டோக்கியோவின் எதோகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்ற இடத்தில் இருக்கிறாள். அங்கே இந்தியக் குடும்பங்கள் அதிகம். 2024 பிப்ரவரியில் போனோம். அந்த வீட்டைப் பார்த்ததும் என் மனைவி கண் கலங்கினாள். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை. லாலாகூடாவில் எனக்கு முதலில் கிடைத்த ரயில்வே குவார்ட்டர்ஸ் அதைவிடப் பெரிது!

ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்தால் எல்லாம் இருக்கிறது. ஐந்து நிமிட நடையில் பூங்கா, குழந்தை டாக்டர், கடை, ரயில் நிலையம். நானும் மனைவியும் ஒரு அட்டையைத் தட்டி ரயில் ஏறி ஊர் முழுவதும் தனியாகச் சுற்றினோம். ஆறு வயதுக் குழந்தைகள் முதுகில் பையோடு பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போகிறார்கள். வகுப்பறையை அவர்களே துடைக்கிறார்கள். பிரசவத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸிலிருந்து 5 லட்சம் யென் உதவித் தொகை கிடைத்தது. டோக்கியோவில் பிள்ளைகளுக்கு வைத்தியம் அநேகமாக இலவசம். 1961-லேயே எல்லோருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் என்று கொண்டு வந்து விட்டார்கள். பெரியவர்கள் செலவில் முப்பது சதவிகிதம் கொடுக்க வேண்டும், அதற்கும் மாதத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவில் 2023-லும் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. ஜப்பானியர் சராசரியாக 84 வயது வரை வாழ்கிறார்கள், அமெரிக்கர் 78. பையில் பாதிப் பணம் உள்ளவர் ஐந்தாறு வருடம் அதிகம் வாழ்கிறார் என்றால், அந்தப் பணம் வேறு எங்கோ வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

இதுவும் சும்மா வருவதல்ல. சம்பளத்தில் பென்ஷனுக்கு 18.3 சதவிகிதம், மருத்துவத்துக்குச் சுமார் பத்து சதவிகிதம். பாதி நிறுவனம் கட்டும், பாதி நம் பையிலிருந்து போகும். ஆனால் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே பென்ஷனுக்குக் கட்டிய காலம் கணக்கில் வரும். அமெரிக்காவோடு நமக்கு அத்தகைய ஒப்பந்தம் கிடையாது. சம்பளத்தில் 6.2 சதவிகிதம் பிடிப்பார்கள். பத்து வருடத்துக்குரிய கணக்கு முடியும் முன்னே திரும்பி வந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே தானம். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஜப்பானின் விலை என்ன? மருமகன் இரவு ஒன்பதரைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. வேலைப் பளுவால் சாவதற்கென்றே அவர்கள் மொழியில் 'கரோஷி' என்று ஒரு சொல் இருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் தினத்தில் 24 வயதுப் பெண் ஊழியர் ஒருவர் வேலை நெருக்கடி தாளாமல் உயிரை விட்டதும், அதை வேலையால் வந்த மரணம் என்றே அரசு அலுவலகம் தீர்ப்புச் சொன்னதும் நாட்டை உலுக்கின. ஓவர்டைம் பொதுவாக மாதம் 45 மணி, வருடம் 360 மணி என்று வரம்பு கட்டிய சட்டம் 2019 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதமும் தலை குனிந்து வணங்கினார், ஒரு நாளும் உள்ளே வரச் சொல்லவில்லை. மக்கள் தொகையில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் குறைந்து கொண்டே போகிறார்கள். 2023-ல் நாடு முழுவதும் பிறந்தது சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் குழந்தைகள்தான். என் பேத்தி விளையாடிய பூங்காவில் ஊஞ்சல்களை விடப் பெஞ்சுகளில் கூட்டம் அதிகம்.

ஒரு ரயில்வேக்காரன் கண்ணில்

என் தொழிலிலிருந்து இரண்டு விபத்துகளைச் சொன்னால் இந்த இரண்டு நாடுகளின் குணமும் விளங்கும்.

2005 ஏப்ரல் 25-ம் தேதி ஜப்பானில் அமகசாகி என்ற இடத்தில் ஒரு புறநகர் ரயில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டிடத்தில் மோதியது. 107 பேர் இறந்தார்கள். டிரைவருக்கு வயது 23. முந்தைய நிலையத்தில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பின்னால் வந்ததில் ஒன்றரை நிமிடம் தாமதம். தாமதமானால் மேலதிகாரிகள் 'மறுபயிற்சி' என்ற பெயரில் அவமானப்படுத்துவார்கள் என்ற பயம். 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116-ல் போனார். ஒழுங்கு, பயமாக மாறினால் உயிரைக் குடிக்கும்.

2023 பிப்ரவரி 3-ம் தேதி, நாங்கள் டாலஸில் இருந்தபோதே, ஓஹையோவில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் 149 வேகன் கொண்ட சரக்கு ரயில் தடம் புரண்டது. விஷ ரசாயனம் ஏற்றிய டாங்கர்கள். காரணம் என்ன தெரியுமா? ஹாட் ஆக்சில்! ஒரு வேகனின் பேரிங் சூடேறி எரிந்து போயிருக்கிறது. டி.வி.யில் அதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து விட்டேன். நம் ஊரில் வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது கேரேஜ் ஸ்டாஃப் நின்று பார்ப்பார், புறங்கையை ஆக்சில் பாக்ஸ் அருகில் வைத்துச் சூடு பார்ப்பார். நானே ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அங்கே பேரிங் சூட்டை அறியும் கருவிகள் இருந்தன. ஆனால் கடைசி இரண்டு கருவிகளுக்கிடையே சுமார் 20 மைல் தூரம். எவ்வளவு தூரத்துக்கு ஒன்று வைப்பது என்று கட்டளையிடும் அரசு விதி அப்போது இல்லை. கம்பெனியே தீர்மானித்துக்கொள்ளலாம். சுதந்திரம், சிக்கனமாக மாறினால் அதுவும் ஊரை எரிக்கும்.

இதனால் அமெரிக்க ரயில்வே மட்டம் என்று எண்ண வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்டெய்னர் அடுக்கி மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் அவர்கள் சரக்கு வண்டியைப் பார்த்து அசந்து நின்றேன். பொருளை நகர்த்துவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மனிதரை நகர்த்துவதில் ஜப்பானியர். ஷிங்கான்சென் 1964 அக்டோபர் 1-ல் ஓடத் தொடங்கியது. இன்று வரை அது தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணியும் இறக்கவில்லை. டோக்கியோ நிலையத்தில் ஏழே நிமிடத்தில் ஒரு முழு வண்டியைச் சுத்தம் செய்து, வரிசையில் நின்று வணங்கி விட்டு இறங்குகிறார்கள். என்னிடம் வேலை பார்த்த கலாசிகளை நினைத்துக்கொண்டேன். அவர்களிடமும் கை இருந்தது, திறமை இருந்தது. அந்த மரியாதையை நாம் கொடுத்தோமா?

தமிழுக்கு என்ன இடம்?

இதையும் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் தமிழருக்குக் கூட்டம் பெரிது. சங்கங்களின் பேரவை 1987 முதல் நடக்கிறது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசே பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. மேலே ஏறவும் வழி இருக்கிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015-ல் கூகுளின் தலைவரானார். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 ஜனவரி வரை துணை அதிபராக இருந்தார். ஜப்பானில் இந்திய வம்சாவளியினர் ஒருவர் முதல் முறையாகத் தேர்தலில் வென்றது 2019-ல், அதுவும் எதோகாவா வட்டார மன்றத்துக்கு. ஏணியின் உயரம் அவ்வளவு வித்தியாசம்.

ஆனால் ஜப்பானுக்குத் தமிழ் அந்நியமல்ல. சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராஷிமா 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டின் பின்னால் நின்றவர். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று ஆயுள் முழுவதும் வாதாடினார் சுசுமு ஓனோ. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஒப்பவில்லை என்றாலும், அந்தப் பெரியவரின் ஆசையை நாம் மறக்கலாகாது. ஆனால் வீட்டில் பேசாவிட்டால் இரண்டு நாட்டிலும் தமிழ் பிழைக்காது. என் டாலஸ் பேரன் நான் சொல்வதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். டோக்கியோப் பேத்தி ஜப்பானிய மொழியில் அழுகிறாள்.

2020 ஜூலை

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விஷயத்தை இது வரை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

2020 ஜூலையில் என் தாயார் உப்பல் வீட்டில் காலமானார்கள். வயது 86. இரண்டு பேரையும் மடியில் வைத்து வளர்த்தவர்கள் அவர்கள்தான். கொரோனா காலம், விமானம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், மகனுக்குப் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி. அப்போதுதான் புதிய எச்-1பி விசாக்களை அமெரிக்கா நிறுத்தி வைத்திருந்தது. வந்தால் திரும்ப முடியாது. மகளுக்கோ, ஜப்பானில் முறையாக வசிக்கும் அனுமதி இருந்தும், வெளியே போனால் திரும்ப அனுமதி இல்லை. ஜப்பானியக் குடிமக்கள் போய் வரலாம். வரி கட்டும் வெளிநாட்டவர் வரக்கூடாது. அந்த விதியைத் தளர்த்தியது செப்டம்பரில்தான்.

ஆகவே நாலு பேர் நின்று தகனம் செய்தோம். ஒரு பேரன் டாலஸில், ஒரு பேத்தி டோக்கியோவில், கையில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பையில் பணம் வைக்கும் நாடும் சரி, வீதியில் பணம் வைக்கும் நாடும் சரி, கதவை அடைக்கும் நேரம் வந்தபோது நம் பிள்ளையை விருந்தாளி என்றே கணக்கில் வைத்தன. இதில் அந்த நாடுகள் மீது எனக்குக் கோபமில்லை. அவரவர் வீட்டுக் கதவு அவரவருடையது. ஆனால் நாம் அதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

என் பதில்

என் தாழ்மையான கருத்தைச் சொல்லி விடுகிறேன்.

ஆராய்ச்சியில் உண்மையான தாகம் உள்ள பிள்ளைக்கு, பல்கலைக்கழகமே உதவித் தொகை கொடுத்து அழைத்தால், கண்ணை மூடிக்கொண்டு அமெரிக்காவுக்கு அனுப்புங்கள். அறிவுக்கு அவ்வளவு அகலமாகக் கதவு திறக்கும் நாடு வேறில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் துணிச்சல் உள்ளவனுக்கும் அதுவே இடம். ஆனால் குடியிருக்கும் ஒரே வீட்டை ஈடு வைத்து, சாதாரண எம்.எஸ். படித்து, பிறகு குலுக்கல் முறையில் விசா கிடைக்கும் என்று நம்பி அனுப்புவதை நான் ஒப்பமாட்டேன். குலுக்கல் சீட்டுக்கு வீட்டைப் பந்தயம் வைக்கலாமா?

அளவான வாழ்க்கையில் திருப்தி உள்ளவனுக்கு, மொழி கற்கப் பொறுமை உள்ளவனுக்கு, ஜப்பான் நல்ல இடம். தகுதிப் புள்ளிகள் 80 இருந்தால் ஒரு வருடத்தில், 70 இருந்தால் மூன்று வருடத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2017 முதல் விதி இருக்கிறது. ஆனால் தலைவனாக வேண்டும் என்ற ஆசை உள்ளவன் அங்கே மூச்சு முட்டுவான்.

எந்த நாடானாலும் புறப்படும் முன் நாலு கேள்வி கேளுங்கள். வேலை போனால் எத்தனை நாள் அந்த மண்ணில் நிற்கலாம்? வியாதி வந்தால் யார் பணம் கட்டுவார்? கட்டிய பென்ஷன் பணம் திரும்பி வருமா? ஊரில் ஒரு சாவு என்றால் வந்து திரும்ப முடியுமா? இந்த நாலுக்கும் பதில் தெரியாமல் சம்பளத்தை மட்டும் பெருக்கிப் பார்ப்பது, பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை அனுப்புவது போல.

இன்னொன்றும் உண்டு. ஜப்பான் பணக்கார நாடான பிறகு ஷிங்கான்சென் போடவில்லை. 1961-ல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கிப் போட்ட தண்டவாளம் அது. வீதியில் செல்வம் வைக்க முதலில் பணக்காரனாக வேண்டியதில்லை. 2017 நவம்பர் முதல் எங்கள் உப்பலுக்கு மெட்ரோ ஓடுகிறது. மேலே ரயில் ஜப்பானைப் போலப் போகிறது. படியிறங்கிக் கீழே வந்தால் நடக்க ஒரு நடைபாதை இல்லை. அந்த நடைபாதையைக் கேட்டு வாங்கினால், இங்கேயே இருக்கிற பிள்ளைக்கும் இங்கேயே முதுமை அடைகிற நமக்கும் அது சொத்து.

மறு ஞாயிறு மைத்துனர் வீட்டுக்குப் போய் இவ்வளவையும் சொன்னேன். பையன் கேட்டான்: "மாமா, நீங்க என் வயசிலே மதுரையை விட்டு வந்தப்ப என்ன கணக்குப் போட்டீங்க?"

சிரிப்பு வந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, தெலுங்கில் ஒரு சொல் தெரியாது, கணக்கு ஒன்றும் போடவில்லை. ஆனால் லாலாகூடாவில் ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது, ஒரு சாவு என்றால் ராத்திரி வண்டியில் ஏற ஒரு பாஸ் இருந்தது. சம்பளம் கொஞ்சம். நாங்கள் இந்த ஊரில் வேர் விட்டது சம்பளத்தால் அல்ல, அந்த வீதிச் செல்வத்தால்தான். அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

அவன் அம்மா மட்டும் ஒன்று சொன்னாள்: "அண்ணா, எந்த ஊருக்கு வேணா போகட்டும். வீட்டுப் பத்திரம் மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்."

நான் இத்தனை பக்கத்தில் சொன்னதை அந்தத் தங்கை ஒரே வரியில் சொல்லி விட்டாள். பையன் இப்போது ஜப்பானிய எழுத்துகள் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான். அமெரிக்காக் கடிதத்தையும் கிழித்துப் போடவில்லை. அந்தப் படிப்பை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறான்.